மருந்துத் தட்டுப்பாடும் நோய்த் திரிபும்
(இலங்கை வரலாற்றில் இரு காட்சிகள்)

ஒரு நாட்டின் வரலாறு அரசர் பெயர்களாலும் போர் நிகழ்ந்த ஆண்டுகளாலும் மட்டும் ஆக்கப்படுவதன்று. படையெடுப்புக்களிலும் பார்க்கக் கொள்ளைநோய்கள் மிகுதியான உயிர்களைக் கவர்ந்துள்ளன. எனினும், வரலாற்று நூல்களில் அவை பெற்ற இடம் மிகச் சிறிது. கோதாரி வந்த ஆண்டும், அம்மை பரவிய ஆண்டும் பாட்டிமாரின் நினைவிலே தங்கினவேயன்றி ஏட்டில் ஏறினவல்ல. 2020 ஆம் ஆண்டிலே உலகைச் சூழ்ந்த கொறோனாப் பெருந்தொற்று இக்குறையை ஒருவாறு நீக்கிற்று. நோயும் மருந்தும் ஒரு சமுதாயத்தின் அமைப்பையும் அறநிலையையும் எவ்வாறு வெளிப்படுத்துகின்றன என்பதை யாவரும் கண்கூடாகக் காணும் நிலை அப்பொழுது ஏற்பட்டது.

அப்பெருந்தொற்றின் இரண்டாம் ஆண்டில் இலங்கை மக்களை இரு கவலைகள் வருத்தின. தடுப்பு மருந்து போதிய அளவு கிடைக்குமா என்பது ஒன்று. கிடைக்கும் மருந்து, நாள்தோறும் உருமாறி வரும் நோய்க்கு ஈடுகொடுக்குமா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வெவ்வேறு கவலைகள் போலத் தோன்றினும், ஆழ்ந்து நோக்குமிடத்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்பது புலனாகும். இவற்றுள் முதலாவது கவலை இந்நாட்டிற்குப் புதியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், உலகின் முதலாவது தடுப்பு மருந்து இத்தீவிற்கு வந்தபோதே அதுவும் கூடவே வந்தது. ஆதலின் அப்பழைய காட்சியை முதலில் நோக்கிப் பின்னர் 2021 ஆம் ஆண்டின் காட்சியை ஆராய்தல் பொருத்தமாகும்.

அம்மைப்பால் வந்த வழி

பெரியம்மை, வைசூரி எனப்பட்ட நோயை எம்மவர் அம்மாள் வருத்தம் என்றனர். வீட்டு வாயிலில் வேப்பிலை கட்டி, பிறர் உட்புகாது தடுத்து, நோயாளிக்குக் குளிர்ச்சியான உணவு கொடுத்து அம்மன் அருளை வேண்டி நிற்றல் மரபாயிருந்தது. வேப்பிலை கண்ட அயலவர் விலகிச் சென்றமையால் நோய் பரவுவது ஓரளவு தடைப்பட்டது எனலாம். ஆயினும் நோய் கடுமையாகப் பரவிய காலங்களில் இவ்வொழுங்கு நிலைகுலைந்தது. பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் இலங்கையின் மருத்துவத்துறைக்குத் தலைமை தாங்கிய தோமசு கிறிஸ்ரி என்பவர், தடுப்பு முறை வருமுன் பெரியம்மை இத்தீவில் விளைத்த அழிவைப் பற்றி 1811 இல் ஒரு நூல் வெளியிட்டார். நோய்க்கு அஞ்சி மக்கள் வீடுவாசலை விட்டகன்ற கொடுமையை அது விளக்குகின்றது.

இங்கிலாந்தில் எட்வேட் ஜென்னர் என்னும் கிராம வைத்தியர், 1796 மே 14 ஆந் திகதி, பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையில் உண்டான கோவம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து, எட்டு வயதுச் சிறுவனொருவனின் கையிற் கீறி ஏற்றினார். பின்னர் பெரியம்மை நஞ்சை ஏற்றியபோது அச்சிறுவனுக்கு நோய் வரவில்லை. 1798 இல் ஜென்னர் தம் முடிபுகளை வெளியிட்டார். பசுவிலிருந்து வந்த காரணத்தால் அம்மருந்து தமிழிலே அம்மைப்பால் என்னும் பொருத்தமான பெயரைப் பெற்றது. சென்னையில் அதிகாரியாக இருந்த தமிழறிஞர் எல்லிசு, பசுவின் பெருமையோடு இதனை இணைத்து மக்கள் மனங்கொள்ளுமாறு ஒரு கதையினை யாத்தார் என்பது தமிழ் மாணவர் அறியத்தக்க செய்தியாகும்.

மருந்து கண்டாயிற்று, அதனைக் கடல் கடந்து கொண்டுவருவது எங்ஙனம்? குளிரூட்டும் பெட்டிகள் இல்லாத காலம் அது. நூலிலே தோய்த்து உலர்த்திக் கண்ணாடிகளுக்கிடையே வைத்துக் கப்பலில் அனுப்பிய அம்மைப்பால், வெப்பத்தாலும் பயணத்தின் நீட்சியாலும் வலுவிழந்தது. ஆகவே வியன்னா நகரிலிருந்த வைத்தியர் டி கறோ, நிலவழியாக அதனைப் பாக்தாதிற்கு அனுப்பினார். அங்கிருந்து பசுரா சென்று, கப்பலேறிப் பம்பாய் சேர்ந்தது. 1802 யூன் 14 ஆந் திகதி பம்பாயில் அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுக் குழந்தையின் கையிலே அது பலித்தது. அன்று மருந்தேற்றப்பட்ட குழந்தைகள் பலருள் அவள் ஒருத்திக்கே கொப்புளம் எழுந்தது. அச்சிறு குழந்தையின் கையிலிருந்தே இந்தியாவின் பல பகுதிகளுக்கும் அம்மைப்பால் பரவிற்று. அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. அக்காலத்துத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், கிறிஸ்ரியின் துணைகொண்டு அதனைத் தீவெங்கும் பரப்ப முயன்றார்.

சங்கிலி அறுந்த இடம்

இம்முறையின் இயல்பை உற்றுநோக்கல் வேண்டும். ஒரு குழந்தையின் கையில் மருந்து ஏற்றினால் ஏறக்குறைய எட்டாம் நாளில் கொப்புளம் பக்குவமடையும். அன்று அதிலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தைக்கு ஏற்றவேண்டும். சில நாட்கள் தவறினால் கொப்புளம் காய்ந்துவிடும், மருந்தும் அற்றுப்போகும். ஆகவே அம்மைப்பால் சாடியிலோ பெட்டியிலோ சேமிக்கப்பட்ட பொருளன்று. குழந்தைகளின் கைகளிலே, கைக்குக் கை மாறி உயிர்வாழ்ந்த பொருள் அது. ஊரார் அஞ்சித் தம் பிள்ளைகளை ஒளித்துவிடின், அல்லது எட்டாம் நாளில் தாய் தன் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவராது விடின், அவ்வூரில் மட்டுமன்றி அடுத்த ஊரிலும் மருந்துப் பஞ்சம் ஏற்பட்டது. சங்கிலி அறுந்தால் மீண்டும் வேறோர் இடத்திலிருந்து மருந்தை வருவிக்க வேண்டியிருந்தது.

இசுப்பானிய அரசு இவ்விடுக்கணை நீக்கக் கையாண்ட வழி உலகறிந்தது. 1803 நவம்பரில் கொறுஞ்ஞாத் துறைமுகத்திலிருந்து வைத்தியர் பல்மிசு புறப்பட்டபோது, ஆதரவற்ற சிறுவர் இருபத்திருவர் கப்பலில் ஏற்றப்பட்டனர். இருவர் இருவராக அவர்கள் கையில் மருந்தேற்றி, சங்கிலி அறாமல் அமெரிக்கக் கரை சேர்த்தனர். கோடிக்கணக்கானோரைக் காத்த அம்மருந்தை, தமக்கென ஒரு வீடும் இல்லாத சிறுவர் தம் உடம்பிலே சுமந்து சென்றனர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழாதிருப்பதில்லை. யாருடைய உடம்பு சுமக்கின்றது, யாருடைய உயிர் முதலிற் காக்கப்படுகின்றது என்னும் வினா தடுப்பு மருந்தின் பிறப்போடேயே தோன்றிற்று.

எனினும் அக்கால மக்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. பெரியம்மை நோயில் கொடியதும் மெல்லியதுமாக இரு வகைகள் உண்டெனினும், ஜென்னர் கண்ட முறை இரண்டையும் ஒருங்கே தடுத்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும், அதற்கு மேலும், அதே அம்மைப்பால் முறை பயன் தந்தது. நோய் தன் உருவை மாற்றி மருந்தை ஏய்க்கவில்லை. அதனாலேதான், மருந்து மெல்ல மெல்லப் பரவியபோதும் ஈற்றில் வெற்றி கிடைத்தது. 1980 மே மாதத்தில் பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மருந்து பிந்தினாலும் பயன்படும் என்ற அந்த ஆறுதல் 2021 ஆம் ஆண்டின் மக்களுக்குக் கிட்டவில்லை.

இடைக்காலத்து ஏற்பாடுகள்

இவ்விரு காட்சிகளுக்கும் இடையே இந்நாட்டிற் கட்டியெழுப்பப்பட்ட அமைப்புக்களைக் குறிப்பிடாது விடலாகாது. 1886 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அம்மைப்பால் ஏற்றுதலை ஒழுங்குபடுத்திற்று. 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்து, 2020 இல் கொறோனாத் தடுப்பு விதிகளுக்கு அடிப்படையாயிற்று. யாழ்ப்பாணத்தில் 1847 முதற் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். மக்களின் மொழியிற் கூறப்படாத மருத்துவம் மக்களிடம் வேரூன்றாது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வீடுதோறுஞ் செல்லும் மருத்துவ மாது என்போரைக் கொண்ட அவ்வமைப்பு நாளடைவில் நாடெங்கும் பரவிற்று. 1978 இல் தொடங்கிய விரிவாக்கிய நோய்த்தடுப்புத் திட்டம் அதன்மீதே கட்டப்பட்டது. 1993 ஆம் ஆண்டின் பின் இந்நாட்டில் இளம்பிள்ளைவாதம் காணப்படவில்லை. போர் நிகழ்ந்த காலத்திலும் வடக்கிலுங் கிழக்கிலும் குழந்தைகளுக்கான மருந்து போடும் பணி முற்றாக நின்றுவிடவில்லை. ஊசி போட்ட அட்டையைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு பேணி வைக்கும் தாய்மாரைக் கொண்ட நாடு இது. ஆகவே 2021 இல் இந்நாட்டிற்குக் குறைவாயிருந்தது மருந்தே. அதனை ஏற்றும் கையும் ஏற்கும் மனமும் அன்று.

புதுத் திரிபு பற்றிய எச்சரிக்கைகளும் முன்னரே கிடைத்திருந்தன. 1918 இல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல் அவ்வாண்டின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்து தணிந்தது. பின்னர் ஆண்டின் இறுதிப் பகுதியில் முன்னையதிலும் கொடிதாய் மீண்டது. அந்நோயை உண்டாக்கும் வைரசு மனிதரிடமிருந்து பிரித்தறியப்பட்டது 1933 இலேயே. 1957 இல் கிழக்காசியாவில் புதியதொரு இன்புளுவென்சா எழுந்தது. சிங்கப்பூரிலிருந்து தமிழர் பலர் பயணஞ் செய்யும் ரஜூலாக் கப்பல் அவ்வாண்டு மே மாதத்தில் நோயாளருடன் சென்னைத் துறைமுகத்தை அடைந்தது. அமெரிக்காவில் மொறிசு ஹில்மன் என்னும் அறிஞர் ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து, கோழிமுட்டையில் தடுப்பு மருந்து ஆக்குமாறு தூண்டினார். சில மாதங்களுள் ஏறக்குறைய 4 கோடி அளவை மருந்து ஆக்கப்பட்டது. ஆயினும் அது அந்நாட்டு மக்களுள் நால்வரில் ஒருவருக்கே போதும். போதிய மருந்து வருமுன் நோயின் உச்சமும் கடந்துவிட்டது. செல்வ நாட்டின் நிலையே அதுவெனின், ஏனைய நாடுகளின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

ஆறு இலட்சம் பேரின் காத்திருப்பு

இனி 2021 ஆம் ஆண்டின் காட்சியை நோக்குவாம். 2020 ஆம் ஆண்டிலே தடுப்பூசி எதுவும் கைக்கு வரவில்லை. அவ்வாண்டு டிசெம்பரில் கேகாலைப் பகுதியில் ஒருவர் காய்ச்சிய பாணி நோயைத் தடுக்கும் என்ற பேச்சை நம்பி ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இதனை மக்களின் அறியாமை என்று எள்ளுதல் எளிது. ஆயின் மருந்தில்லா வெற்றிடத்திலேதான் இத்தகைய நம்பிக்கைகள் தழைக்கின்றன என்பதை மறத்தலாகாது.

2021 சனவரி 28 இல் இந்திய அரசு அன்பளிப்பாக வழங்கிய 5 இலட்சம் கோவிசீல்ட் ஊசிகள் கொழும்பு வந்தன. மறுநாளே மருத்துவப் பணியாளருக்கும் படையினருக்கும் ஏற்றும் பணி தொடங்கிற்று. பெப்ரவரி இறுதியில் இலங்கை பணங்கொடுத்து வாங்கிய 5 இலட்சமும், மார்ச்சுத் தொடக்கத்தில் கோவக்ஸ் என்னும் சர்வதேசப் பங்கீட்டு ஏற்பாட்டின் வழியாக 2 இலட்சத்து 64 ஆயிரமும் வந்தன. ஆக மொத்தம் 12 இலட்சத்து 64 ஆயிரம். ஒருவருக்கு இரண்டு ஊசி வேண்டும். எனவே முழுமையாகக் காக்கக்கூடியவர் 6 இலட்சத்து 32 ஆயிரம் பேரே. ஆயின் மேலும் மருந்து வருமென்ற உறுதியை நம்பி ஏறக்குறைய 9 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்கு முதலாவது ஊசி ஏற்றப்பட்டது. அவர்கள் யாவர்க்கும் இரண்டாவது ஊசி ஏற்ற 18 இலட்சத்து 50 ஆயிரம் வேண்டும். குறைந்தது ஏறக்குறைய 6 இலட்சம்.

இக்கணக்கு எவ்வாறு பொய்த்தது? 2021 மார்ச்சு இறுதியில் இந்தியாவில் நோய் மீண்டும் எழுந்தது. மே மாதத் தொடக்கத்தில் அங்கு ஒரே நாளில் 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் புதிதாக நோயுற்றனர். தன் மக்களே வீதியில் மூச்சுக்கு அலைந்தபோது அந்நாடு ஊசி ஏற்றுமதியை நிறுத்திற்று. புனே நகரத் தொழிற்சாலையொன்றின் கதவு மூடப்பட்டதும், இலங்கையின் ஆறு இலட்சம் பேர் மட்டுமன்றி, கோவக்ஸை நம்பியிருந்த ஆபிரிக்க, ஆசிய நாடுகள் பலவும் வெறுங்கையராயின. உலகத்துக்கு வேண்டிய மருந்தின் பெரும்பகுதியை ஒரு சில தொழிற்சாலைகளின் பொறுப்பில் விட்டதன் விளைவு இது. 1802 இல் சங்கிலியின் ஒரு கண்ணி ஒரு குழந்தையின் கை. 2021 இல் அது ஒரு தொழிற்சாலை. கண்ணி மாறினாலும் சங்கிலி மாறவில்லை.

அந்நாட்களில் மக்கள் பட்ட கவலை பலதிறத்தது. பன்னிரண்டு வாரங் கழித்து வருக என எழுதப்பட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வாரங்களை எண்ணியவர் பலர். முதலாவது ஊசியின் பயன் வீணாகுமா, வேறு வகை ஊசியை இரண்டாவதாக ஏற்றலாமா, பதினாறு வாரங் கடந்தால் என்னாகும் என்றெல்லாம் வைத்தியரை வினாவினர். முதியோருக்கு முன்னுரிமை வேண்டுமா, வெளியே சென்று உழைப்போருக்கு முன்னுரிமை வேண்டுமா என்னும் வாதம் எழுந்தது. மேல் மாகாணத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு ஊசி ஏற்றியபோது, உயிரிழப்போருள் அறுபது வயது கடந்தோரே மிகுதி என்பதை மருத்துவ அறிஞர் எடுத்துக்காட்டினர். செல்வாக்குடையோர் வரிசையை மீறினர் என்ற குறையும் பல இடங்களிற் கேட்கப்பட்டது. உணவுப் பஞ்சத்திலே பங்கீட்டு அட்டை எத்துணை முக்கியமோ, மருந்துப் பஞ்சத்திலே வரிசையின் நேர்மை அத்துணை முக்கியம். வரிசை பழுதுபடின் மருந்தின்மீதுள்ள நம்பிக்கையும் பழுதுபடும்.

சீன நாடு அன்பளிப்பாக வழங்கிய 6 இலட்சம் சினோபாம் ஊசிகள் மார்ச்சு 31 இல் வந்தபோதும், உலக சுகாதார நிறுவனத்தின் இசைவு மே 7 இல் கிடைக்கும்வரை இலங்கையருக்கு அவை பரவலாக ஏற்றப்படவில்லை. மே மாத இறுதியில் யாழ்ப்பாண மாவட்டத்திற்கு முதற்கட்டமாக 50 ஆயிரம் ஊசிகள் வந்தன. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாவட்டத்தின் மக்கட்டொகை 5 இலட்சத்து 83 ஆயிரத்துக்கு மேல். ஏறக்குறைய பன்னிருவருக்கு ஓர் ஊசி என்பது கணக்கு. நோய் மிகுந்த கிராம அலுவலர் பிரிவுகள் தெரிந்தெடுக்கப்பட்டன. ஒழுங்கையின் இப்புறத்து வீட்டாருக்கு ஊசி உண்டு, அப்புறத்து வீட்டாருக்கு இல்லை என்ற நிலை அத்தகைய தெரிவில் தவிர்க்க முடியாதது. நோய்க்கு அவ்வெல்லை தெரியாது என்பதே அதன் துன்பம்.

திரிபுகளின் வரவு

வைரசு தன்னைத் தானே படியெடுத்துப் பெருகுவது. ஏட்டுச் சுவடியைப் படியெடுப்போர் இடையிடையே எழுத்துப் பிழை விடுவதுபோல, வைரசின் படியிலும் பிழைகள் நேர்கின்றன. பெரும்பாலான பிழைகள் பயனற்றவை. அரிதாக ஒரு பிழை, வைரசு விரைவாகப் பரவவோ உடலின் எதிர்ப்பை ஏய்க்கவோ உதவினால், அப்பிழை கொண்ட படியே பெருகி ஏனையவற்றை மேற்கொள்ளும். அதனையே திரிபு என்கின்றோம். சுவடி எழுதுவோர் தொகை கூடுந்தோறும் பாடபேதமும் கூடுவது போல, நோயுற்றோர் தொகை கூடுந்தோறும் திரிபு தோன்றும் வாய்ப்பும் கூடும். உ. வே. சாமிநாதையரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் பாடபேதங்களை ஒப்புநோக்கி மூலத்தின் வழியைக் கண்டதுபோல, மரபணு ஆய்வாளர் வைரசின் பிழைகளை ஒப்புநோக்கி அது வந்த வழியைக் காண்கின்றனர்.

இலங்கையில் இவ்வாய்வைப் பெரிதும் மேற்கொண்டது ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகம். 2020 ஒக்டோபரிலே மினுவாங்கொடைப் பகுதியில் தொடங்கிய இரண்டாம் அலையின்போது பி.1.411 என்னும் கிளை இந்நாட்டிற் பரவியிருந்தது. 2021 சித்திரைப் புத்தாண்டுக் கொண்டாட்டங்களையடுத்து, இங்கிலாந்தில் முன்னர் கண்டறியப்பட்ட அல்பாத் திரிபு அதனை மேற்கொண்டது. யூன் நடுப்பகுதியில், இந்தியாவில் முன்னர் கண்டறியப்பட்ட டெல்டாத் திரிபு கொழும்பு தெமட்டகொடையில் மக்களிடையே காணப்பட்டது. கிரேக்க எழுத்துக்களாற் பெயரிடும் வழக்கை உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டு மே 31 இல் தொடக்கியிருந்தது. ஒரு நாட்டின் பெயரை நோய்க்குச் சூட்டுவதால் அந்நாட்டு மக்கள்மீது வெறுப்பு எழும் என்பதே அதன் காரணம். பின்னர் ஏவை.28 என்னும் டெல்டாவின் கிளையொன்று இலங்கைக்குரியதென வகுக்கப்பட்டது. திரிபு எப்பொழுதும் பிறநாட்டிலிருந்தே வருவது என்ற எண்ணம் இதனால் தவறாயிற்று. நோயைப் பெருகவிடும் எந்நாடும் திரிபுக்குத் தாய்நாடாகலாம்.

டெல்டாவின் கொடுமையைச் சில எண்கள் உணர்த்தும். 2020 ஆம் ஆண்டின் இறுதியில் இந்நாட்டில் இந்நோயால் இறந்தோர் ஏறக்குறைய 200. 2021 யூன் நடுப்பகுதியில் அத்தொகை ஏறக்குறைய 2,400. செப்டெம்பர் இறுதியில் ஏறக்குறைய 13,000. ஓகஸ்டு மாத இறுதியில் ஒரே நாளில் 200 பேருக்கு மேல் இறந்தனர். முழு ஆண்டொன்றின் இழப்பு ஒரு நாளின் இழப்பாயிற்று. ஓகஸ்டு 20 இரவு தொடக்கம் ஒக்டோபர் 1 வரை நாடு முடக்கப்பட்டது.

இரு கவலைகளும் ஒன்றாதல்

தட்டுப்பாடும் திரிபும் எவ்வாறு ஒன்றாயின என்பதை ஈண்டு விளக்குதல் வேண்டும். 2021 இல் இங்கிலாந்தில் நடாத்தப்பட்ட ஆய்வொன்றின்படி, டெல்டாவினால் உண்டாகும் நோய்க்குறிகளைத் தடுப்பதில் ஒரே ஊசியின் பயன் 30 விழுக்காடளவே. அஸ்ராசெனக்கா ஊசி இரண்டும் பெற்றால் அது 67 விழுக்காடாக உயர்ந்தது. முன்னைய திரிபுக்கு எதிராக ஒரே ஊசி இதனிலும் கூடிய பயன் தந்தது. ஆகவே ஒரு வைரசு மாறியமையால் இரண்டாவது ஊசியின் மதிப்பும் மாறிற்று. அதே வேளையில்தான் இரண்டாவது ஊசி இல்லாது போயிற்று. ஏப்பிரலில் சிறு குறையாகத் தோன்றிய ஆறு இலட்சம், யூன் மாதத்தில் உயிர்ப் பிரச்சினையாயிற்று. மருந்து பிந்தினால் நோய் முந்துகின்றது. முந்திய நோய் மாறுகின்றது. மாறிய நோய் பிந்திய மருந்தின் வலுவைக் குறைக்கின்றது.

யப்பான் நாடு கோவக்ஸ் வழியாக வழங்கிய அஸ்ராசெனக்கா ஊசிகளின் முதற்பகுதி, 7 இலட்சத்து 28 ஆயிரத்துக்கு மேற்பட்டதாய், யூலை 31 இல் வந்தது. அதன் பின்னரே காத்திருந்தோரின் குறை தீர்ந்தது. அதற்கு முன்னரும் பின்னரும் ருசியாவின் ஸ்புட்னிக், அமெரிக்காவின் பைசர், மொடேர்னா ஆகியனவும், பெருந்தொகையாகச் சீனாவின் சினோபாமும் வந்தன. மருந்து வந்ததும் பழைய சுகாதார அமைப்பு தன் வலிமையைக் காட்டிற்று. பாடசாலை மண்டபங்களிலும் கோயில் மடங்களிலும் மருத்துவ மாதரும் பரிசோதகரும் கிராம அலுவலரும் இரவு பகலாகப் பணியாற்றினர். ஆண்டு முடிவதற்குள் மக்களுள் அறுபது விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் இரண்டு ஊசியும் பெற்றனர். 1926 இல் களுத்துறையில் ஊன்றிய வித்து 2021 இற் பயன் தந்தது எனின் அது மிகையாகாது. ஆயின் டெல்டாவில் மடிந்தோருட் பலருக்கு அப்பயன் சில வாரங்கள் பிந்தியே வந்தது. அவர்களது குடும்பத்தாருக்கு இந்த வாரங்களே வரலாறு.

சர்வதேசக் கடமை

இதன் பொறுப்பு ஒரு நாட்டோடு முடிவதன்று. செல்வ நாடுகள் சில, தம் மக்கட்டொகையினும் பன்மடங்கான ஊசிகளுக்கு முன்கூட்டியே ஒப்பந்தஞ் செய்துகொண்டன. 2021 முடிவதற்குள் 200 கோடி ஊசிகளை வழங்கக் கருதிய கோவக்ஸ், 100 கோடியை எட்டியது 2022 சனவரி நடுப்பகுதியிலேயே. மருந்தாக்கும் உரிமைமீதுள்ள தடைகளைப் பெருந்தொற்றுக் காலத்துக்கேனும் தளர்த்துமாறு இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரில் உலக வர்த்தக நிறுவனத்தைக் கேட்டன. 2022 யூனில் ஒரு முடிவு வந்தபோது அது கேட்டதினும் மிகச் சுருங்கியதாயிருந்தது. நோயின் கொடுமையும் பெரும்பாலும் கடந்திருந்தது. இடையில் 2021 நவம்பரில் தென்னாபிரிக்க அறிஞர் ஒமிக்ரோன் என்னும் புதிய திரிபை உலகுக்கு அறிவித்தனர். உண்மையை உடனே உரைத்த அந்நாட்டுக்குக் கிடைத்த முதற் பரிசு, பிற நாடுகள் தம் வானூர்திகளை நிறுத்தியமையே. டிசெம்பர் 3 இல் ஒமிக்ரோன் இலங்கையிலும் காணப்பட்டது. கதவடைப்பால் திரிபு நின்றதில்லை.

1802 இல் பம்பாய்க் குழந்தையின் கையிலிருந்து எடுத்த மருந்து எவ்வித உரிமைத் தடையுமின்றி ஊர் ஊராய்ப் பரவிற்று. ஜென்னர் அதனைத் தம் உடைமையாகக் காப்புரிமை செய்துகொள்ளவில்லை. இருநூறாண்டுக் காலத்தில் அறிவியல் அளப்பரிய வளர்ச்சியடைந்தது. ஒரே ஆண்டில் புதிய மருந்தை ஆக்கும் ஆற்றல் வந்தது. ஆயின் பகிர்ந்து கொள்ளும் ஆற்றல் அவ்வளவு வளர்ந்ததா என்பது ஐயத்துக்குரியது.

முடிவுரை

இவ்விரு காட்சிகளாலும் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, தடுப்பு மருந்து தனி ஒருவனின் உடைமையன்று. அது ஒரு சங்கிலி. எட்டாம் நாளில் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்த தாயின் கடமையும், முறை வரும்வரை வரிசையில் நின்றவனின் கடமையும் ஒன்றே. இரண்டாவது, மருந்து வந்தபின் அதனைக் கொண்டுசெல்லும் வழியை அமைக்க இயலாது. அமைதிக் காலத்தில் வீடுவீடாய் நடந்த மருத்துவ மாதின் கால்களே நெருக்கடிக் காலத்தில் நாட்டைக் காத்தன. மூன்றாவது, அயலான் வீட்டு நோய் அயலான் வீட்டிலேயே நிற்பதில்லை. அங்கே பெருகி, உருமாறி, எம் வாயிலுக்கு வரும். அப்போது எம் கையிலுள்ள மருந்தும் பாதி வலுவிழந்திருக்கும்.

முன்னோர் வாயிலிற் கட்டிய வேப்பிலை, இவ்வீட்டில் நோயுண்டு, விலகிச் செல்க என்று அயலவனுக்கு அறிவித்தது. தன் துன்பத்தை மறையாது கூறி அயலவனைக் காத்த அறம் அது. அதற்கு மறுதலையாக, அவ்வீட்டு வாசலில் கஞ்சியும் இளநீரும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த அயலவனின் அறமும் இருந்தது. உண்மையை அறிவிப்பவனும் உள்ளதைப் பகிர்பவனும் சேர்ந்தே ஊரைக் காத்தனர். நாடுகளுக்கும் இதுவே பொருந்தும். அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்பதை யாரும் அறியார். அது வரும்போது மருந்தோடு இவ்விரு அறங்களும் உலகின் கையில் இருத்தல் வேண்டும்.